சேர்க்கைப் பதிவேடும் நன்றிக்கடனும்

பொங்கல் விடுமுறையிலும் கோடையிலும் போடிநாயக்கனூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பள்ளி வளாகங்கள் ஒருநாள் களைகட்டுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்போ, நாற்பது ஆண்டுகளுக்கு முன்போ ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தவர்கள் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். மறைந்தவர்களை நினைத்து ஒரு நிமிடம் எழுந்து நிற்கிறார்கள். மதிய உணவுக்குப் பின் பள்ளிக்கு ஒரு குடிநீர்த் தொட்டியோ, இருபது பெஞ்சுகளோ, வகுப்பறைக்கு ஒரு கணினியோ வாங்கித் தருவதாக வாக்களித்துப் பிரிகிறார்கள். நல்ல வழக்கம். அதைப் போற்றவேண்டும்.

ஆனால் அந்தக் கூட்டங்களில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, யார் அங்கில்லை என்பதும் கண்ணில் படுகிறது. அந்த எண்ணமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். நம் வட்டாரத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தவர்கள் யார், அந்தக் கொடை காலந்தோறும் எப்படிக் கைமாறி வந்தது, 'பழைய மாணவர்' என்ற சொல்லுக்குள் நாம் யாரை அடக்குகிறோம் என்பவற்றைச் சற்று வரலாற்று நோக்கில் எண்ணிப் பார்ப்போம்.

போடிநாயக்கனூர் மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீனாக நிலைத்தது. ஊரார் இன்றும் சுருக்கமாக 'ஜ.கா.நி. பள்ளி' என்று அழைக்கும் மேல்நிலைப் பள்ளியின் முழுப்பெயரை விரித்துச் சொன்னால், ஜமீன்தாரிணி காமுலம்மாள் நினைவு மேல்நிலைப் பள்ளி என்று வரும். அரண்மனைப் பெண்மணி ஒருவரின் பெயர், தலைமுறை தலைமுறையாக மாணவர்களின் சான்றிதழ்களில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழித்தது. வரி வாங்கிய உரிமை போயிற்று. பள்ளியின் பெயர் நின்றுவிட்டது. கொடுத்தவர் நினைக்கப்படுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம்மூரில் இல்லை.

ஜமீனுக்குப் பின் கொடை வணிகர், தோட்டக்காரர் கைக்கு வந்தது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தரின் கொடையால் 1956-இல் கல்லூரி எழுந்தது. போடியில் 1971-இல் ஏலக்காய் விவசாயிகள் சங்கமே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. ஒரு விளைபொருளின் பெயரைத் தாங்கிய கல்லூரி நாட்டில் எத்தனை உண்டோ! எதிரே எழுந்து நிற்கும் மலையில் விளையும் காயே இந்த ஊரின் செல்வம். அதன் ஒரு பங்கு கல்விக்கு வந்தது. அந்தக் காய் யாருடைய கைகளால் பறிக்கப்பட்டது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

திருச்சபையின் பங்கும் இதனோடு சேர்ந்தது. மதுரை மறைமாவட்டம் 1938-இல் உருவாகி 1953-இல் உயர்மறைமாவட்டமாயிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பே இயேசு சபைத் துறவியர் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிவந்தனர். இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கோவிலும் பள்ளியும் அருகருகே வளர்ந்தன. மலையின் மறுபக்கத்தில் கார்மேல் சபைத் துறவியர் 1898-இல் மூணாறில் ஆலயம் கண்டனர். 1930-இல் விஜயபுரம் மறைமாவட்டம் பிறந்தபோது அந்தத் தோட்டங்கள் அதன்கீழ் வந்தன. இருபுறமும் தோட்டத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழரே. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அடங்கின. பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தால், சில அடிகளில் வேறு மாநிலம், வேறு கல்வித்துறை, வேறு பாடநூல். காலையில் மலையேறி மாலையில் இறங்கும் தாயின் பிள்ளைக்கு எது சொந்தப் பள்ளி என்ற கேள்வி அன்று தொடங்கி இன்றுவரை முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

கொடை ஏன் எப்போதும் கட்டடத்தையே நாடுகிறது என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கும் வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1854-ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, அரசு தானே எல்லாப் பள்ளிகளையும் நடத்தாமல் தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு மானியம் தரும் முறையை இந்தியாவில் ஊன்றியது. மானியம் முழுச்செலவையும் ஏற்பதன்று. நிர்வாகம் தன் பங்கைத் திரட்டியாகவேண்டும். அந்த மரபின் தொடர்ச்சியாகவே, இன்று அரசு உதவிபெறும் பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியரின் ஊதியத்தை அரசு தருகிறது. சுவர், கூரை, கழிப்பறை, பெஞ்சு ஆகியவை பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில் விழுகின்றன. ஆகவே பங்குப் பணியாளர் எவரும் தாளாளராகப் பொறுப்பேற்ற முதல் மழைக்காலத்திலேயே ஓட்டுக்கூரையைப் பற்றிய பாடத்தைக் கற்றுக்கொள்கிறார். இறையியல் கல்லூரியில் அந்தப் பாடம் சொல்லித் தரப்படுவதில்லை.

இந்த நீண்ட கதையில், கொடை செல்வரின் கையிலிருந்து ஊரின் கைக்கு மாறிய ஒரு காலம் உண்டு. நம் இளைய தலைமுறை அதை மறந்தே போயிற்று. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. சிற்றூர்தோறும் தொடக்கப் பள்ளி, நடக்கும் தொலைவில் நடுநிலைப் பள்ளி, அதற்குச் சற்று அப்பால் உயர்நிலைப் பள்ளி என்று அரசு பள்ளிகளைப் பெருக்கத் தொடங்கியது. பள்ளி திறந்தால் போதுமா? பசித்த பிள்ளை வரவேண்டுமே! 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. எட்டயபுரத்தில் அதன் தொடக்கவிழா நடந்தது என்பதைப் பலர் அறிவர். அதன் தொடக்கநிலையில் அரிசியும் பருப்பும் விறகும் ஊராரிடமிருந்தே வந்தன என்பதைப் பலர் அறியார். அரசு தன் பங்கைச் சேர்த்தது அதற்குப் பின்னரே. அறுவடைக் காலத்தில் களத்திலேயே பள்ளிக்கென்று நெல் அளந்து வைத்த ஊர்கள் உண்டு.

அதனையடுத்துப் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் அதன் முதல் மாநாடு கூடியது. முறை மிக எளியது. ஊரில் பள்ளிக்கு என்னென்ன குறை என்று ஆசிரியரும் பெரியவர்களும் உட்கார்ந்து பட்டியல் போடவேண்டும். கரும்பலகை, மணி, கடிகாரம், நிலப்படம், தண்ணீர்ப் பானை, பெஞ்சு, சுற்றுச்சுவர், கூடுதல் நிலம் என்று அது நீளும். எந்தக் குறையை யார் தீர்ப்பது என்று ஊரே பகிர்ந்துகொள்ளவேண்டும். பல ஊர்கள் சேர்ந்து மாநாடு கூட்டும் நாளில் அமைச்சர் வருவார், சில இடங்களுக்கு முதலமைச்சரே வருவார். கொண்டுவந்த பொருள்கள் பந்தலில் வரிசையாக வைக்கப்படும். நிலம் தந்தவரும் பானை தந்தவரும் ஒரே பந்தலில் நின்றனர். ஏழை மாணவருக்கு இலவசச் சீருடை தருவதையும் ஊர் மக்களே தொடங்கிவைத்தனர்.

அந்த இயக்கத்தில் கொடுத்தவர்களுள் எத்தனை பேர் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்? மிகச் சிலரே இருந்திருப்பர். நாட்டு விடுதலையின்போது எழுத்தறிந்தவர் நம்மிடையே ஐவரில் ஒருவர்கூட இல்லை. எனவே பள்ளிக்குப் பானையும் பாயும் சுமந்துவந்தவர்களில் பெரும்பாலோர் எந்தப் பள்ளியிலும் காலெடுத்து வைக்காதவர்கள். தாம் பெறாததைத் தம் பிள்ளைகள் பெறவேண்டும் என்று கொடுத்தார்கள். காணிக்கைப் பெட்டி அருகே அமர்ந்திருந்த ஆண்டவர், இரண்டு செப்புக்காசு இட்ட கைம்பெண்ணை ஏன் சீடருக்குச் சுட்டிக்காட்டினார் என்பதற்கு வேறு விளக்கவுரை வேண்டுவதில்லை.

இன்றைய பழைய மாணவர் கூட்டங்களில் அறுபது, எழுபது வயதில் அமர்ந்திருப்பவர்கள் அந்த மக்களின் பிள்ளைகள். பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள் அவர்களுள் பலர். 1978-இல்தான் மேல்நிலை வகுப்புகள் வந்தன. அவர்கள் செலுத்தும் நன்றிக்கடனுக்குக் கடன் தந்தவர் பட்டியல் பள்ளியோடு முடிவதில்லை. ஊரே அந்தப் பட்டியலில் இருக்கிறது.

படித்து முடித்தவர்கள் போடியை விட்டுப் புறப்பட்டது பெரும்பாலும் மதுரை இரயிலில். அந்தப் பாதைக்கே ஒரு வரலாறு. 1928-இல் திறந்த அந்தக் குறுகிய பாதையின் தண்டவாளங்களை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்துக்கொண்டு போனார்கள்; 1950-களில் மீண்டும் பதித்தார்கள். 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு அகலப்பாதைப் பணிக்காக வண்டி நின்றது. 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி இரயில் வந்தது. புறப்பட்டுப் போனவர்களில் பலர் அதே நிலையத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்து இறங்கியது சிலருக்கு வேடிக்கையாகவும் சிலருக்குக் கண்கலங்கவும் இருந்தது.

இனி மலையின் பக்கம் திரும்புவோம். இரயில் ஏறாதவர்கள் எங்கே போனார்கள்?

விடியுமுன் போடியின் தெருக்களில் ஜீப்புகள் நிற்கும். தூக்குச்சட்டியும் பையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். முந்தல் வழியாக மெட்டேறி, பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களுக்கு அவை விரையும். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் அதன் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே காயெடுப்பவர் நாள் முழுதும் குந்தியபடியோ குனிந்தபடியோ ஈரமண்ணில் நகரவேண்டும். எல்லாக் காயும் ஒருசேர முற்றுவதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பிவந்து முற்றியதை மட்டும் எடுக்கவேண்டும். இந்தச் சுற்று ஏறக்குறைய ஆகஸ்டில் தொடங்கித் தைமாதம் கடந்தும் நீளும். பறித்த காய் ஸ்டோரில் உலர்ந்து, போடிக்கு இறங்கி, சல்லடையில் பருமன்வாரியாகப் பிரிந்து, பெண்களின் கையில் மறுபடி தரம் பிரிக்கப்பட்டு ஏலத்துக்குப் போகிறது.

அந்த மாதங்களைப் பள்ளி நாள்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. தாய் விடியுமுன் போய் இருட்டியபின் வருகிறாள். கைக்குழந்தையைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மூத்த பெண்பிள்ளை இருக்கிறாள். முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டாள். பிறகு இரண்டு நாள் மட்டும் வருவாள். தை பிறக்கும்போது அவள் இடம் காலியாக இருக்கும். சில ஆண்டுகளில் அவளும் ஜீப்பில் ஏறிவிடுவாள். சட்டம் இதனை அறியாமலில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளரின் குழந்தைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்மீது வைக்க வழிசெய்தது. தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா தோட்டங்களை மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட அச்சட்டத்தில் ஏலத்தோட்டம் 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் பெயர் பெற்றது. அதுவும் தோட்டத்தில் தங்கியிருப்பவருக்கே பொருந்தி வந்தது. நாள்தோறும் வேறொரு மாநிலத்திலிருந்து ஏறி இறங்கும் தாயின் பிள்ளையை அந்தச் சட்டத்தின் கண் காணவில்லை.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை வாசகர்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். நீண்ட தாள்கள், தடித்த அட்டை. வரிசை எண், பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், அவர் தொழில், பிறந்த நாள், சேர்ந்த வகுப்பு, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று பத்திகள் ஓடும். தாளாளராக இருந்த காலத்தில் இத்தகைய பழைய பதிவேடு ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் வாய்ப்பு நமக்கு ஒருமுறை கிட்டியது. தொழில் என்ற பத்தியில் 'கூலி' என்பது மீண்டும் மீண்டும் வந்தது. கடைசிப் பத்தியில் பலருக்கு 'தேர்ச்சி', சிலருக்கு 'ஊர் மாற்றம்'. இன்னும் பலருக்கு 'தொடர்ந்து வராமை'. அந்த மூன்றாம் வகையினரின் எண்கள் எந்தப் பழைய மாணவர் சங்கத்தின் முகவரிப் பட்டியலிலும் ஏறவில்லை. சங்கங்கள் ஆண்டுவாரியாக, இறுதித் தேர்வு எழுதிய தொகுதியைக் கொண்டே அமைகின்றன. தேர்வு எழுதாதவர் எந்த ஆண்டுக்கும் உரியவர் அல்லர்.

பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அதில் ஒருமுறை எழுதிய பெயரை அடிப்பதில்லை. உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் என எது நிகழ்ந்தாலும், எந்த ஊரில் நிகழ்ந்தாலும், செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு வந்து ஓரக்குறிப்பாக ஏறவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஐம்பது ஆண்டு வராதவருக்கும் அந்த ஓரம் காலியாகக் காத்திருக்கும். பள்ளிப் பதிவேட்டுக்கு ஓரம் கிடையாது.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடமொன்றுக்குச் சென்றிருந்தபோது, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட தாயொருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் படித்த பள்ளியில் அவ்வாரம்தான் பழைய மாணவர் கூட்டம் நடந்தது. நீங்கள் போகவில்லையா என்று கேட்டோம். கை வேலையை நிறுத்தாமலே, "எங்கள யாரு சாமி கூப்புடுவா? நாங்கதான் முடிக்கலையே" என்றார். குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கேள்வியே அவருக்குச் சற்று விந்தையாக இருந்தது போலும். அதே பள்ளியில் அவருடைய இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று கேட்டபோது முதலில் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அது நன்கொடைப் பலகையில் ஏறும் தொகை அன்று.

பழைய மாணவர் இயக்கம் என்பதற்குத் திருச்சபையில் ஓர் இனிய தொடக்கம் உண்டு. 1870 ஜூன் 24, திருமுழுக்கு யோவான் திருநாள். தூரின் நகரில் தொன் போஸ்கோவிடம் வளர்ந்த பழைய மாணவர் சிலர், கார்லோ கஸ்தீனி என்பவர் தலைமையில் அவரைக் காணவந்தனர். அவர்கள் கொண்டுவந்த பரிசு ஒரு தொகுதிக் காப்பிக் கோப்பைகள். சலேசிய பழைய மாணவர் இயக்கத்தின் பிறந்தநாளாக அந்த நாள் இன்றும் நினைக்கப்படுகிறது. கஸ்தீனி யார்? சிறுவயதில் முடிதிருத்தும் கடையில் எடுபிடியாக இருந்தவர். அவரை ஒத்தவர்களும் தையல், தச்சு, அச்சுக்கோப்பு என்று கைத்தொழில் கற்று வளர்ந்த ஏழைச் சிறுவர்களே. ஐம்பது ஆண்டு கழித்து, 1920-இல், உலகெங்குமுள்ள பழைய மாணவர்கள் தொன் போஸ்கோவுக்குத் தூரின் பேராலயத்தின் முன் பெருஞ்சிலை எடுத்தனர். சிலையை நாமும் மதிக்கிறோம். ஆயினும் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொன்னால், கோப்பைகளையே தெரிந்துகொள்வோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையிலும் இதைப் பற்றி ஓரிடம் உண்டு. ஆசிரியர்களைப் பற்றிப் பேசும் பகுதியில், மாணவர் படிப்பை முடித்துச் சென்ற பின்னரும் அறிவுரையாலும் நட்பாலும் அவர்களுக்குத் துணைநிற்கவேண்டும், அதற்கென்று சங்கங்களும் அமைக்கவேண்டும் என்று சங்கத் தந்தையர் கேட்டுக்கொள்கின்றனர். சற்று நின்று படித்தால் அதன் திசை நம் வழக்கத்துக்கு எதிர்த்திசை என்பது விளங்கும். நாம் சங்கத்தைக் கூட்டுவது மாணவர் பள்ளிக்கு என்ன தருவார் என்று கேட்பதற்காக; மன்றத் தந்தையர் சங்கத்தை வேண்டியது பள்ளி மாணவருக்கு இன்னும் என்ன தரவேண்டும் என்பதற்காக. அந்த அறிக்கையே அடுத்த பகுதியில் வறியவருக்கும் குடும்பத்தின் துணையற்றவருக்கும் கத்தோலிக்கப் பள்ளி தனிக்கவனம் செலுத்தவேண்டும் என்கிறது. இரு பகுதிகளையும் சேர்த்துப் படித்தால், பாதியில் நின்றவரைத் தேடிப் போகும் கடமை யாருக்கு என்ற கேள்விக்கு விடை எழுதியே இருக்கிறது.

தொழுநோயாளர் பதின்மரில் ஒருவரே நன்றிசொல்லத் திரும்பினார் என்று லூக்கா எழுதுகிறார். மறையுரைகளில் அந்த ஒருவரைப் பாராட்டியே பழகிவிட்டோம். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டதைக் கண்டனமாகவே எடுத்துக்கொள்கிறோம். ஒருவேளை அது தேடலாகவும் இருக்கலாம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022 டிசம்பரில் தமிழக அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற பெயரில் அரசுப் பள்ளிகளுக்குப் பழைய மாணவரும் நிறுவனங்களும் கொடை தர ஓர் அமைப்பைத் தொடங்கியது. 2024-இல் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவருக்கும் அவற்றில் இடம் ஒதுக்கப்பட்டது. அதே 2024 ஜனவரியில் மதுரை ஒத்தக்கடை அருகே கொடிக்குளத்தில், ஆயி என்ற பூரணம் அம்மாள், மறைந்த தம் மகளின் நினைவாகக் கோடிக்கணக்கில் மதிப்புடைய நிலத்தை அரசுப் பள்ளி தரம் உயர்வதற்காக எழுதித் தந்தது நாடறிந்த செய்தி. வங்கியில் பணியாற்றி வந்த ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்மணி. பள்ளிச் சீரமைப்பு மாநாட்டுப் பந்தலில் நின்றவர்களின் வழித்தோன்றல் என்றே அவரைச் சொல்லவேண்டும்.

இவை மகிழ்ச்சி தருவன. ஆனால் நம் உதவிபெறும் பள்ளிகளின் நோய் வேறிடத்தில் இருக்கிறது. 1991-92 முதல் புதிய பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் நின்றுவிட்டது. பழைய பணியிடங்களும் நிலையானவை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் நாளன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிறார். ஆசிரியர் குறைந்த பள்ளியை விட்டு மேலும் பிள்ளைகள் விலகுகிறார்கள். 2020-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு ஏழரை விழுக்காடு ஒதுக்கியபோது, அதே தெருவின் உதவிபெறும் பள்ளியில் படிக்கும் கூலித்தொழிலாளியின் பிள்ளைக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது ஓர் ஆறுதல். கீழச்சேரியில் புனித அன்னாள் பெயர் தாங்கிய பள்ளியிலேயே அதைத் தொடங்கிவைத்தார்கள்.

இந்நிலையில் பழைய மாணவர் ஒருவர் வந்து வகுப்பறை கட்டித் தருகிறார். திறப்புவிழாவுக்கு மகனும் பேரனும் வருகிறார்கள். பேரன் படிப்பது தேனி நெடுஞ்சாலையோரத்து ஆங்கிலவழிப் பள்ளியில். தாத்தாவின் பள்ளியைப் பார்த்து, 'இங்கேயா படித்தீர்கள்?' என்று அவன் வியப்பதை எல்லாரும் சிரித்து இரசிக்கிறார்கள். நாம் யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. தம் பிள்ளைக்கு நல்லதென்று நினைப்பதைச் செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதே திருச்சபையின் போதனையும். ஆனால் கணக்கைக் கணக்காகப் பார்க்கவேண்டும். புதிய அறையில் அமரப் பிள்ளைகள் இல்லாதபோது, அடுத்த ஆகஸ்டில் அந்த அறைக்குரிய ஆசிரியரும் இருக்கமாட்டார். ஊர்ப் பள்ளியில் பல குடும்பத்துப் பிள்ளைகளும் கலந்து படித்த காலத்தில், குறை கேட்க வாய் வலுத்த பெற்றோரும் இருந்தார்கள். இன்று மலையேறும் தாய்மார்களின் பிள்ளைகளே மிஞ்சியிருக்கிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் தலைமையாசிரியர் அறைவரை வந்து கேட்க அந்தத் தாய்க்குப் பகல்பொழுது இல்லை.

அப்படியானால் பழைய மாணவர் தரக்கூடிய அரிய கொடை பணமாக இருக்கவேண்டியதில்லை. கூட்டத்துக்கு அழைப்பு அச்சிடுமுன் அலுவலகத்தில் அமர்ந்து சேர்க்கைப் பதிவேட்டின் கடைசிப் பத்தியைப் பார்த்து, 'தொடர்ந்து வராமை' என்றிருக்கும் பெயர்களுக்குரிய வீடுகளுக்கு நடந்துபோய் அழைப்பைக் கொடுக்கலாம். அதே தெருவில்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். காயெடுப்பு மாதங்களில் மாலை ஐந்து முதல் எட்டு மணிவரை, தாய் இறங்கி வரும்வரை, பள்ளியின் ஓர் அறையைத் திறந்துவைத்துப் பிள்ளைகளோடு அமர்ந்திருக்க ஓய்வுபெற்ற பழைய மாணவர்கள் முறைவைத்து வரலாம். கைக்குழந்தையோடு வரும் அக்காளையும் உள்ளே விடலாம். விளக்கும் பாயும் கொஞ்சம் சுண்டலும் போதும், திறப்புவிழா வேண்டாம். ஏலக்காய் விலை ஏறிய ஆண்டில் மட்டும் நடந்து, இறங்கிய ஆண்டில் நிற்கும் வேலையாகவும் அது இராது. 2019 ஆகஸ்டில் ஏலமொன்றில் ஒரு கிலோ 7,000 ரூபாய்வரை போன காய், சில ஆண்டுகளிலேயே ஆயிரத்தைச் சுற்றி வந்து விழுந்ததை நாம் பார்த்தோம். விலையை நம்பிய வாக்குறுதிகள் அதனோடு விழுந்தன.

எப்பள்ளியிலும் இவ்வாண்டும் ஆகஸ்டு முதல் நாள் தலைகள் எண்ணப்படும். அன்று மலையில் காயெடுப்புத் தொடங்கியிருக்கும்.